புதிய கருவிகளும் எங்கள் உடல்நலமும்

(ஹவுன்ஸ்லோவில் நடைபெற்ற எமது தகவல் கூட்டத்தில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

மழைக்குள்ளும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே வந்தவர்களும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பின்னுக்கு நிற்கிறவர்கள் முன்னுக்கு வந்து இருங்கோ, கதிரை இருக்கு. மேலே பிளேன் போகும்போது நான் கதையை நிறுத்துவேன். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் கூட்டம் வைத்தால் அப்படித்தான், குறை நினைக்காதேயுங்கோ.

இன்றைக்கு எனக்குத் தந்த தலைப்பு, புதிய விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் எங்கள் அன்றாட வாழ்வையும் உடல்நலத்தையும் எப்படி மாற்றுகின்றன என்பது. தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி, “அக்கா, ரோபோ பற்றியா பேசப் போறீங்கள்?” என்று கேட்டார். இல்லைத் தம்பி. உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கிற போனைப் பற்றியும், விரலில் குத்திச் சீனி பார்க்கிற மீற்றரைப் பற்றியும்தான் பேசப் போகிறேன். வந்து இரண்டு மாதம், மூன்று மாதம் ஆன எங்களுடைய சனத்துக்கு இவைதான் உயிர் போகிற விசயமாகவும் உயிர் காக்கிற விசயமாகவும் இருக்கின்றன.

ஒரு அண்ணையின் கதையில் தொடங்குகிறேன். பெயர் சொல்லமாட்டேன். ஐம்பது வயது தாண்டியவர், ஊரில் பத்து வருசமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுத்தவர். இங்கே வந்து கையோடு கொண்டுவந்த குளிசை முடிகிற நேரம், அறையில் கூட இருந்த ஒருவர் தன்னுடைய மீற்றரில் இவருக்குச் சீனி பார்த்திருக்கிறார். மீற்றர் 12.4 என்று காட்டியது. அண்ணைக்கு ஒரே சந்தோசம். ஊரில் கடைசியாகப் பார்த்தபோது 210 இருந்ததாம். “210 இருந்தது 12 ஆகிப்போச்சு, லண்டன் குளிருக்குச் சீனி கரைஞ்சிட்டுது” என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். மருந்தை விட்டுவிட்டார். ஜீ.பி.யிடமும் போகவில்லை. வருத்தம் இல்லாதவன் ஏன் வைத்தியரிடம் போக வேண்டும்?

உண்மையில் அவருடைய சீனி குறையவே இல்லை, கூடியிருந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் இரத்தச் சீனியை ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். இந்த நாட்டில் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். இங்கத்தைய 1 என்பது ஊர்க் கணக்கில் 18. அண்ணையின் 12.4 ஐ 18 ஆல் பெருக்கிப் பாருங்கோ, 223 வரும். நான் ஊரில் கணிதம் படிப்பித்தவள். ஓர் அலகு மாறினதால் ஒரு மனிசனுக்கு இவ்வளவு நடக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

எங்களிடம் அவர் வந்தது வேறொரு அலுவலாக, ஹோம் ஒபிஸ் கடிதம் ஒன்றை வாசிப்பிக்க. நொண்டி நொண்டி வந்தார். சப்பாத்து கடித்த சின்னப் புண் என்றார், ஆறு கிழமையாகக் காயவில்லை. அன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். கால் தப்பியது, ஒரு விரல் போனது. இப்போது நல்லாக இருக்கிறார், மருந்தும் ஒழுங்காக எடுக்கிறார். இந்தக் கதையைச் சொல்ல அனுமதி தந்ததும் அவர்தான். “என்னைப் போல இன்னும் ஆரும் இருப்பினம் ரீச்சர், சொல்லுங்கோ” என்றார்.

ஆகவே மீற்றர் வைத்திருப்பவர்கள் முதலில் அதன் திரையில் இலக்கத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கோ. ‘எம்.ஜி., டி.எல்.’ என்று இருந்தால் ஊர்க் கணக்கு. ‘எம்மோல், எல்’ என்று இருந்தால் இங்கத்தைய கணக்கு. ஊரில் சாப்பாட்டுக்கு முன் 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்பார்கள், அது இங்கே 7. ஊரில் 200 என்பது இங்கே 11 சொச்சம். மற்றப் பக்கத்தையும் நினைவில் வையுங்கோ. இங்கே 4 க்குக் கீழே போனால், அதாவது ஊர்க் கணக்கில் 72 க்குக் கீழே போனால், சீனி மிகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், கதை குழம்பும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களுக்கும் இது வரலாம். உடனே சீனி போட்ட குடிபானம் ஒன்றோ குளுக்கோசோ எடுத்து, பத்துப் பதினைந்து நிமிசத்தில் திரும்பச் சோதித்து, பிறகு பாணோ சோறோ சாப்பிட வேண்டும். டயற் என்று எழுதிய கோலா இதற்கு உதவாது, அதில் சீனி இல்லை.

இதற்கு நேர்மாறான குழப்பமும் ஒன்று இருக்கு. எச்பிஏ1சி என்று ஒரு இரத்தப் பரிசோதனை. எங்கள் செங்குருதிக் கலம் ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். இரத்தத்தில் சுற்றுகிற சீனி அந்தக் கலத்தில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதமாகச் சீனி சராசரியாக எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். பரிசோதனைக்கு முதல்நாள் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாகப் போனாலும் இந்தப் பரிசோதனையை ஏமாற்ற ஏலாது! ஊரில் இதைச் சதவீதத்தில் தருவார்கள், 8 சதவீதம், 9 சதவீதம் என்று. இங்கேயும் முந்தி அப்படித்தான் இருந்தது. 2011 இல் முழுதாக மாற்றிவிட்டார்கள். ஊரின் 6.5 சதவீதம் இங்கே 48. 8 சதவீதம் இங்கே 64. ஒரு அக்கா “எனக்கு 8 இருந்தது, இஞ்ச வந்து 64 ஆகிட்டுது, சாகப் போறன்” என்று அழுதுகொண்டு வந்தா. அவவுக்கு ஒன்றுமே மாறவில்லை. 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 42 இலிருந்து 47 வரை என்றால் வரப்போகிறது, கவனம் என்று அர்த்தம். தலசீமியா உள்ளவர்களுக்கும், இரத்தச்சோகை கடுமையாக உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்குப் பிழைக்கலாம், அதை வைத்தியரிடம் முதலே சொல்லிவிடுங்கோ.

சீனியைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் கதைக்கிறேன் என்றால், அது எங்களுடைய வருத்தம். தென்னாசியர்களுக்கு இது வெள்ளைக்காரரை விட மிகக் கூடுதலாக வருகிறது, வயது குறையவும் வருகிறது, உடம்பு மெலிவாக இருந்தாலும் வருகிறது. உடம்பு நிறையை உயரத்தோடு ஒப்பிடும் சுட்டெண் ஒன்று இருக்கிறதல்லவா? பொதுவாக 25 க்கு மேல் போனால் நிறை கூட என்பார்கள். நைஸ் என்ற இந்நாட்டு நிறுவனம் 2013 இல் எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு 23 இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. “நான் மெல்லிசு, எனக்கு வராது” என்று இருக்க வேண்டாம். தாய் தகப்பனுக்கு இருந்தால் 25 வயதிலேயே கேட்டுச் சோதியுங்கோ.

இன்சுலினைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆட்களிடம் ஒரு பயம், இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம், போட்டால் முடிஞ்சுது என்று. 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முந்தி அந்த வகை நீரிழிவு வந்த பிள்ளை பிழைக்கிறதில்லை. பட்டினி போட்டுக் கொஞ்சக் காலம் இழுப்பார்கள், அவ்வளவுதான். சாகக் கிடந்தவனை எழுப்பின மருந்தை எங்கள் சனம் சாகிறதுக்கு அடையாளமாக நினைக்கிறது! வாட்ஸ்அப்பில் வருகிற வைத்தியமும் அப்படித்தான். பாகற்காய் சாப்பிடுங்கோ, நல்லது, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டு குளிசையை நிறுத்தினவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். கந்தசஷ்டி, நோன்பு என்று விரதம் பிடிக்கிறவர்கள், தொடங்க முந்தி மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று ஜீ.பி.யிடமோ தாதியிடமோ கேளுங்கோ. விரதம் பிடிக்காதே என்று அவர்கள் எல்லாருக்கும் சொல்கிறதில்லை.

அலகு மாறுகிற விசயம் காய்ச்சலிலும் இருக்கு. ஊரில் பிள்ளைக்கு 102 காய்ச்சல் என்றால் நெஞ்சு திக்கென்னும். இங்கே விற்கிற மானி செல்சியசில் காட்டும். ஒரு தங்கச்சி கைக்குழந்தைக்கு 39.4 என்று கண்டு, 98 ஐ விட எவ்வளவோ குறைவுதானே என்று ஆறுதலாகப் படுத்துவிட்டா. பக்கத்து அறைக்காரி பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததால் நல்லதாய்ப் போயிற்று. 39.4 என்பது ஊர்க் கணக்கில் 103 க்குக் கிட்ட. 37 சாதாரணம், 38 என்றால் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 வந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே 111 க்கு அடியுங்கோ.

விரலில் கொளுவுகிற ஒட்சிசன் மானியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள், இப்போதும் ஆட்களிடம் இருக்கு. விரலுக்கூடாகச் சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சமும் விட்டு, இரத்தம் எவ்வளவு வெளிச்சத்தை உறிஞ்சுகிறது என்று பார்த்து ஒட்சிசனைக் கணக்கிடும். நல்ல கருவிதான். ஆனால் வெளிச்சம் தோலுக்கூடாகத்தானே போக வேண்டும்? தோலின் நிறம் கருமையானால் சில கருவிகள் உண்மையில் இருப்பதை விடக் கூடக் காட்டிவிடுகின்றன. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி நல்ல இலக்கம் காட்டியும் உண்மையில் ஒட்சிசன் குறைந்திருந்த நிலை வெள்ளையர்களை விடக் கறுப்பினத்தவர்களிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காணப்பட்டது. அதற்குப் பிறகு இந்நாட்டு அரசாங்கம் பேராசிரியர் மார்கரெட் வைற்ஹெட் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவும் 2024 மார்ச்சில் இந்தப் பாகுபாடு உண்மை என்று அறிக்கை தந்தது. வெள்ளைத் தோலில் பரீட்சித்துச் செய்த கருவி எங்கள் தோலில் வந்து தடுமாறுகிறது. கருவியை எறியச் சொல்லவில்லை. நேற்று 97, இன்று 94 என்றால் அந்த இறக்கத்தைக் கவனியுங்கோ. 92 அல்லது அதற்குக் கீழே என்றால் 999 தான். இலக்கம் நல்லாக இருந்தும் மூச்சு எடுக்க ஏலாமல் இருந்தால், உங்கள் மூச்சை நம்புங்கோ, கருவியை நம்ப வேண்டாம்.

சரி, இனிப் போனுக்கு வருவோம்.

இங்கே ஜீ.பி.யில் பதிவது முதல் வேலை. பாஸ்போட் இல்லை, விலாசத்துக்குக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது விதிக்கு மாறானது. பதிவதற்கு அடையாள அட்டையோ, விலாச ஆதாரமோ, விசா நிலையோ கட்டாயம் இல்லை என்று என்.எச்.எஸ். இங்கிலாந்தின் வழிகாட்டலே சொல்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்கலாம். சண்டை பிடிக்காமல் எங்களிடம் வாங்கோ, நாங்கள் எடுத்துக் கதைப்போம்.

பதியப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். “கொம்பியூட்டரில பேர் ஏறினால் ஹோம் ஒபிசுக்குப் போயிடும்” என்கிறார்கள். இந்தப் பயம் வெறும் கட்டுக்கதை இல்லை. 2017 ஜனவரியில் ஓர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன்படி என்.எச்.எஸ்.ஸின் தகவல் பிரிவு ஆட்களின் விலாசம் போன்ற விபரங்களைக் குடிவரவுத் தேவைக்காக ஹோம் ஒபிசுக்குக் கொடுத்தது. வைத்தியர்கள் எதிர்த்தார்கள், பாராளுமன்றச் சுகாதாரக் குழு எதிர்த்தது, குடியேறிகளின் உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. 2018 மே மாதத்தில் பெரும்பாலும் நிறுத்தினார்கள், அந்த வருசம் நவம்பரில் உடன்படிக்கையையே மீளப் பெற்றுக்கொண்டார்கள். பாரதூரமான குற்ற விசாரணை என்றால் கேட்பார்கள், அது வேறு. நீங்கள் ஜீ.பி.யிடம் சொல்கிற வருத்தம் அங்கிருந்து ஹோம் ஒபிசுக்குப் போகிற வழி அது இல்லை. இந்தப் பயத்தில் புற்றுநோய்க் கட்டியை ஒளித்து வைத்திருந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

ஜீ.பி.யும் அவசர சிகிச்சைப் பிரிவும் எல்லாருக்கும் இலவசம். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கு மற்ற வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் காசு அறவிடக் கூடாது. பிழையாகப் பில் வந்தால் மெத்தைக்குக் கீழே வைக்க வேண்டாம். 500 பவுணுக்கு மேற்பட்ட கடன் இரண்டு மாதம் கட்டப்படாமல் இருந்தால் அது ஹோம் ஒபிசுக்கு அறிவிக்கப்படலாம், பிறகு விசா விண்ணப்பத்தைப் பாதிக்கலாம். பில் வந்த அன்றே கொண்டுவாங்கோ. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களின் நிலை ஆளுக்கு ஆள் வேறுபடும், அதைத் தனியாக இருந்து கதைப்போம்.

பதிந்த பிறகு என்.எச்.எஸ். செயலி. 13 வயதுக்கு மேற்பட்ட, இங்கிலாந்தில் ஜீ.பி.யிடம் பதிந்த ஆட்கள் போனில் போடலாம், இலவசம். மருந்து திரும்பக் கேட்கலாம், பரிசோதனை முடிவு பார்க்கலாம். புகைப்பட அடையாள அட்டை கேட்கும் இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஜீ.பி. வரவேற்பில் இணையப் பதிவுக்கான இலக்கங்களைத் தரும்படி கேட்டுப் பாருங்கோ, அவற்றைக் கொண்டும் உள்ளே போகலாம். செயலி இல்லாவிட்டால் சிகிச்சை இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. 2025 ஒக்ரோபர் 1 முதல் ஜீ.பி. நிலையங்கள் வேலைநாளில் காலை 8 மணியிலிருந்து மாலை 6.30 வரை இணையம் வழியான கோரிக்கைகளை ஏற்க வேண்டும் என்று வந்திருக்கு. ஆனால் போன் அடிக்கிற உரிமையும் நேரே போய்க் கேட்கிற உரிமையும் அப்படியே இருக்கு. ஆங்கிலம் எழுதத் தெரியாத ஒருவரை “ஒன்லைனில் போடுங்கோ” என்று திருப்பி அனுப்பினால் “ஐ நீட் எ தமிழ் இன்ரப்ரிற்றர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கோ.

டேற்றா முடிந்து போய்ச் செயலி திறக்கவில்லை என்பதும் பெரிய பிரச்சினை. பாத் ரோட்டில் ஹவுன்ஸ்லோ ஹவுஸ் கட்டடத்துக்குள் நூலகம் இருக்கு, அங்கே போய் இருக்கலாம். தேசிய டேற்றா வங்கி என்று 2021 இல் தொடங்கின திட்டம் ஒன்றும் இருக்கு. வசதி குறைந்தவர்களுக்கு அதன் மூலம் இலவச சிம் கொடுக்கிறார்கள். எந்த இடத்தில் கொடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வோம், பெயரைத் தந்துவிட்டுப் போங்கோ.

ஒரு தம்பி மூன்று நாள் காய்ச்சலோடு கிடந்தார். கேட்டால், “டொக்டரிட்டப் போனன் அக்கா, ஒரு துண்டும் தரேல்ல, மருந்தில்லை எண்டு நினைச்சிட்டன்.” மருந்துத் துண்டு கொம்பியூட்டர் வழியாக நேரே பார்மசிக்குப் போயிருந்தது. மருந்து மூன்று நாளாக அங்கே பையில் கிடந்தது, ஹை ஸ்றீற்றில், இவருடைய அறையிலிருந்து ஐந்து நிமிச நடை. வெளியே வர முந்தி “எந்தப் பார்மசி?” என்று கேட்டுக்கொண்டு வாங்கோ. எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்துக்குக் காசில்லை. பல் வைத்தியமும் கண் பரிசோதனையும் அதில் அடங்கும். அதன் முடிவுத் திகதியைப் பாருங்கோ! முடிந்துபோன சான்றிதழோடு இலவசம் என்று புள்ளடி போட்டவர்களுக்கு 100 பவுண் வரை தண்டக் கடிதம் வந்திருக்கு.

அதோடு, தொண்டை நோ, காது நோ, பூச்சி கடித்துப் பழுத்தது, பெண்களுக்குச் சலக்கடுப்பு போன்ற ஏழு சின்ன வருத்தங்களுக்கு 2024 ஜனவரி முடிவிலிருந்து பார்மசியிலேயே பார்த்து மருந்து தரலாம். வயதுக் கட்டுப்பாடுகள் இருக்கு, போய்க் கேளுங்கோ.

இனி மொழிபெயர்ப்பு. எனக்கு மிகப் பெரிய கவலை இதில்தான். போனில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்கிற வசதி இப்போது எல்லாரிடமும் இருக்கு. கடையில் மாவு வாங்க, பஸ் கேட்க அருமையான சாமான், நானே பாவிக்கச் சொல்வேன். வைத்தியரிடம் பாவிக்க வேண்டாம். அது படித்த தமிழ் பெரும்பாலும் எழுதுகிற தமிழ், அதுவும் இந்தியத் தமிழ். எங்களுடைய பேச்சு அதற்குப் பிடிபடாது. “இரவு முழுக்கச் சத்தி” என்று ஒரு அம்மா சொல்ல, போன் அதைச் சக்தி என்று எடுத்து, இரவு முழுக்க நல்ல பலமாக இருந்ததாக மொழிபெயர்த்தது. வைத்தியர் சிரித்துத் தலையாட்டினாராம். நாரி நோ, முட்டு, வயித்தாலை போகுது, இவையெல்லாம் அந்த மெஷினுக்கு எங்கே விளங்கும்? மனித மொழிபெயர்ப்பாளரே தமிழ்நாட்டைச் சேர்ந்தவராக இருந்தால் சிலநேரம் விளங்காது. அப்போது வாந்தி, இடுப்பு வலி, மூச்சிளைப்பு என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கோ. போன் வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எடுத்துத் தருவது ஜீ.பி.யின் பொறுப்பு, நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. 111 இலும் கேட்கலாம். பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். தாய்க்கு நடந்ததைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கலாமா?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் வைத்தியரிடம் சொன்னது அன்றைய திகதியோடு கொம்பியூட்டரில் பதிவாகும். தடுப்பில் அடி வாங்கினது, காயம் வந்த விதம், நித்திரையில்லாமல் கத்தி எழும்புவது, இவற்றைச் சொன்னால் அந்தப் பதிவு பிறகு உங்கள் வழக்குக்கு உதவலாம். உங்கள் சம்மதத்தோடு சட்டத்தரணி அதன் பிரதியை எடுப்பார். அதே காரணத்தால் பிழையாகப் பதிந்தாலும் அது நிற்கும். 2009 மே என்று சொன்னது பதிவில் 2019 மே என்று இருந்த ஒருவரின் கோப்பைப் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் அவர் 2009 என்றார். ஏன் இரண்டு கதை என்று கேட்டார்கள். பொய் சொல்லாத மனிசன், பொய்யன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றார். கூடப் போன நண்பர் அரைகுறை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததால் வந்த வினை. பதிவைத் திருத்தக் கேட்கலாம், நாங்கள் கேட்டுத் திருத்தினோம், ஆனால் மாதக்கணக்காயிற்று. ஆகவே செயலியில் உங்கள் பதிவு தெரிந்தால், ஆங்கிலம் தெரிந்த நம்பிக்கையான ஒருவரோடு இருந்து ஒருக்கால் வாசியுங்கோ. முக்கியமாகத் திகதிகளை.

சிம் மாற்றுகிற பழக்கத்தையும் விடுங்கோ. மலிவாகக் கிடைக்குது என்று மாதத்துக்கு ஒரு இலக்கம் எடுத்தால் வைத்தியசாலை மெசேஜ் எல்லாம் பழைய இலக்கத்துக்குப் போகும். இரண்டு தரம் போகாவிட்டால் உங்களைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடவும் கூடும். ஹொட்டலில் இருந்து உங்களை வேறு ஊருக்கு ஏற்றுவதென்றால் அனேகமாகக் குறுகிய அவகாசம்தான் தருவார்கள். அந்த அவசரத்திலும் மருந்துப் பெட்டி, மருந்து விபரச் சீட்டு, பத்து இலக்கம் கொண்ட உங்கள் என்.எச்.எஸ். நம்பர், இந்த மூன்றையும் கைப்பையில் போடுங்கோ, சூட்கேசில் அல்ல. புது இடத்தில் உடனே புது ஜீ.பி.யிடம் பதியுங்கோ, பழைய பதிவு கொம்பியூட்டர் வழியாகப் பின்னால் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுக்கிற பரிசோதனைக்கு அழைப்பு வரும், வருசத்துக்கு ஒருமுறை, ஆபத்துக் குறைந்தவர்களுக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை. பார்வை மங்க முந்தியே பழுதைக் கண்டுபிடிக்கிற கமரா அது. விலாசம் மாறினதால் அந்தக் கடிதம் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். கடிதம் வராவிட்டால் நீங்களாகக் கேளுங்கோ.

ஒரு எச்சரிக்கை. என்.எச்.எஸ். என்று பெயர் போட்டு, வங்கி விபரம் கேட்டு வருகிற மெசேஜ் கள்ள மெசேஜ். அஸ்பென் காட்டின் இரகசிய இலக்கத்தை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம்.

உதவிக் கொடுப்பனவு, தங்குமிடம், எச்.சி.2 இவை பற்றி மைக்ரன்ற் ஹெல்ப்புக்கு 0808 8010 503 இல் எந்த நேரமும் இலவசமாக அடிக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. காத்திருக்க வைப்பார்கள், போனை சார்ஜில் போட்டுக்கொண்டு அடியுங்கோ.

அந்த மேசையில் எச்.சி.1 விண்ணப்பப் படிவமும், ஜீ.பி. பதிவுப் படிவமும், “எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை” என்று ஆங்கிலத்தில் அடித்த சின்ன அட்டைகளும் இருக்கு. ஆளுக்கு ஒன்று எடுங்கோ. மீற்றர் கொண்டுவந்தவர்கள் வலது பக்கமாக வாங்கோ, திரையில் என்ன அலகு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. சீனி தனியாக வைத்திருக்கு.